விளக்கெண்ணெய் இறுகிய பழைய மாடல் இன்ஜின்கள்: வீட்டில் நான் சுத்தம் செய்யும் விதம்

பழைய மாடல் விமான இன்ஜின் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது புரொப்பெல்லரைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பதுதான். அசையவில்லையா, அடுத்த நிமிடமே தீர்ப்பு வந்துவிடும்: "பிடிச்சுக்கிச்சு, இனி உதவாது." என் மேசைக்கு வந்த இன்ஜின்களில் பெரும்பாலானவை அப்படித் தீர்ப்பு எழுதப்பட்டவை. பறப்பதை நிறுத்திவிட்ட மூத்தவர்கள் கொடுத்தவை, நண்பர்கள் "முடிஞ்சா பாரேன்" என்று தந்தவை, உடைந்த விமானத்தின் மூக்கோடு சேர்ந்து வந்தவை. அவற்றில் உலோகம் உண்மையிலேயே கெட்டுப்போனவை மிகச் சில. மற்றவற்றில் உள்ளே இருந்த எண்ணெய் இறுகி, நகரவேண்டிய பாகங்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருந்தது. அவ்வளவுதான். அந்த ஒட்டலை எது இளக்கும் என்று தெரிந்துகொண்டு பொறுமையாக வேலை செய்தால் இன்ஜின் திரும்பி வரும். பலத்தைக் காட்டினால், பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும், அதுவரை நன்றாக இருந்த கனெக்டிங் ராடு வளையும்.

ஒட்டியிருப்பது என்ன என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. எதை வைத்துக் கழுவுவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. இவை பெரும்பாலும் க்ளோ இன்ஜின்கள், அதாவது சூடான கம்பிச்சுருள் உள்ள க்ளோ பிளக்கால் எரிபொருளைப் பற்றவைப்பவை. அந்த எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். அதோடு கொஞ்சம் நைட்ரோமீத்தேன், பிறகு எண்ணெய். இந்தச் சின்ன இன்ஜின்களுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. உயவுக்கு வேண்டிய எண்ணெய் எரிபொருளோடு கலந்தே உள்ளே போய், பெரும்பகுதி எரியாமல் புகைபோக்கி வழியாக வெளியே தெறிக்கிறது. பழைய காலத்து எரிபொருளில் அந்த எண்ணெய் முழுக்க முழுக்க விளக்கெண்ணெய். இன்றும் செயற்கை எண்ணெயோடு கொஞ்சம் விளக்கெண்ணெய் சேர்த்துத்தான் பலர் பயன்படுத்துகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. எரிபொருள் குறைந்து இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும் நேரத்திலும் விளக்கெண்ணெய் உலோகத்தை விட்டு அகலாமல் ஒரு படலமாக நிற்கும். பல இன்ஜின்களைக் காப்பாற்றியது அந்தப் படலம்.

அதே குணம்தான் பின்னால் தொல்லையாகிறது. சூடுபட்ட விளக்கெண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, பழுப்பு நிற வார்னிஷ் போல உலோகத்தில் படிந்துவிடும். சிலிண்டர் ஹெட்டின் துடுப்புகளுக்கு நடுவே, எக்ஸாஸ்ட் வாயைச் சுற்றி, பிஸ்டன் தலையில் என்று சூடு அதிகமான இடமெல்லாம் அது கருத்துக் கெட்டியாக இருக்கும். சூடு படாத இடங்களில், அதாவது கிராங்க்ஷாஃப்ட் சுழலும் கூடான கிராங்க்கேஸுக்குள்ளும், எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள்ளும், மெத்தனால் ஆவியாகிப் போனபின் மிஞ்சிய எண்ணெய் காற்றுபட்டுக் காலப்போக்கில் பிசினாகிறது. இரண்டும் ஒரே எண்ணெயிலிருந்து வந்தவைதான். ஆனால் பிசினை இளக்குவது எளிது. வார்னிஷை இளக்குவது கடினம்.

பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறப்போட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் நடக்கலையே" என்று கேட்பவர்கள் நிறைய. நடக்காததற்குக் காரணம், விளக்கெண்ணெய் மற்ற எண்ணெய்களைப் போல பெட்ரோலியப் பொருட்களோடு எளிதில் கலப்பதில்லை. ஆல்கஹாலில்தான் அது தாராளமாகக் கரையும். முதல் உலகப் போர்க் காலத்துச் சுழல் இன்ஜின்களில் விளக்கெண்ணெயை ஊற்றியதும் இதே குணத்துக்காகத்தான்: அங்கே பெட்ரோல் கலவை கிராங்க்கேஸ் வழியாகவே போனது, எண்ணெய் அதில் கரைந்து நீர்த்துப்போகக் கூடாது. அன்றைக்கு விமானிகளுக்கு உதவிய அந்தப் பிடிவாதம் இன்று நம் மேசையில் பெட்ரோலைத் தோற்கடிக்கிறது. ஆகவே பெட்ரோலை மறந்துவிடுங்கள். பிசினுக்கு மெத்தனால், வார்னிஷுக்குச் சூடான எத்திலீன் கிளைக்கால், அதாவது காருக்கு ஊற்றும் கூலண்ட். எத்திலீன் கிளைக்காலும் வேதியியல்படி ஓர் ஆல்கஹால்தான்.

கழுவும் முன் இன்ஜினைச் சுழலவைக்க வேண்டும். சுழலாத இன்ஜினைப் பிரிக்க முயல்வதுதான் பாகங்கள் உடைய முக்கியக் காரணம்.

முதலில் க்ளோ பிளக்கைக் கழற்றிவிடுகிறேன். உள்ளே அழுத்தம் சேர இடமிருக்கக் கூடாது. பின்தட்டைச் சிரமமில்லாமல் கழற்ற முடிந்தால் அதையும் எடுத்துவிட்டுக் கிராங்க் முனையையும் ராடின் அடியையும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். செம்பழுப்பாக, பளபளப்பாக இருந்தால் எண்ணெய், மகிழ்ச்சியாகத் தொடரலாம். பொடிப்பொடியாக ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் துரு. அது வேறு வைத்தியம், துரு இளக்கும் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியது.

எண்ணெய்தான் என்று தெரிந்தால், பிளக் துளை வழியாகவும் எக்ஸாஸ்ட் வாய் வழியாகவும் கார்புரேட்டர் வாய் வழியாகவும் சில சொட்டு ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில் விட்டு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் கிராங்க்கேஸையும் சிலிண்டரையும் சுற்றிச் சுற்றிச் சூடேற்றுகிறேன். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. ஒரு சொட்டு தண்ணீர் விட்டால் பொரிந்து ஆவியாகும் அளவு சூடு போதும். பிறகு தடித்த கையுறை போட்டுக்கொண்டு, மர புரொப்பெல்லர் ஒன்றை மாட்டி, முழுச்சுற்றுக்கு ஆசைப்படாமல் முன்னும் பின்னும் மெதுவாக அசைக்க வேண்டும். முதலில் ஒரு மயிரிழை நகரும். மறுபடி சூடு, மறுபடி அசைவு. பாகு காய்ச்சிய பாத்திரத்தில் கரண்டி இளகி வருவதுபோல் ஒரு வழவழப்பான எதிர்ப்பு கைக்குத் தெரியும். அதற்குப் பதிலாகக் கரகரவென்று மணல் அரைபடும் உணர்வு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உள்ளே துருவோ மண்ணோ இருக்கிறது; அதோடு சுழற்றினால், சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடும் குழாயான லைனரில் கோடு விழும்.

இந்தச் சூடேற்றும் வேலையில் மெத்தனாலுக்கு இடமே இல்லை. சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை அது தரும். எரியும்போது அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. மெத்தனாலில் ஊறிய இன்ஜினை முழுக்க உலரவிட்ட பிறகே ஹீட் கன் இருக்கும் அறைக்குள் கொண்டுவருவேன். அதை விழுங்கினால் பார்வையே போகும், தோல் வழியாகவும் உடலில் ஏறும். ஆகவே நைட்ரைல் கையுறையும் திறந்த ஜன்னலும் இல்லாமல் பாட்டிலின் மூடியையே நான் திறப்பதில்லை.

அசையாத பிஸ்டனை எக்ஸாஸ்ட் வாய் வழியாக ஸ்குரூடிரைவரால் நெம்புவதைப் பலர் செய்கிறார்கள். புரொப்பெல்லர் நட்டைக் கழற்றும்போது கிராங்க் சுழலாமல் இருக்க அதே வாயில் எதையாவது செருகுவதும் உண்டு. இரண்டுமே இன்ஜினைக் கொல்லும் வேலை. அந்த வாயின் ஓரத்தில் ஒரு சிறு பிசிறு கிளம்பினாலும் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் அதில் உரசும். கிராங்க்ஷாஃப்டைக் குறட்டால் பிடிப்பதும் அப்படித்தான். பிடிக்க வேண்டியது புரொப்பெல்லரை.

இன்னொரு குழப்பம் ஏபிசி வகை இன்ஜின்களில் வரும். அலுமினியப் பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை லைனர். இவற்றின் லைனர் மேலே செல்லச் செல்லச் சற்றே குறுகும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியை எட்டுகையில் இறுக்கிப் பிடித்து, 'கீச்' என்று சத்தம்கூட வரும். அது பழுதல்ல, வடிவமைப்பு. ஓடிச் சூடானதும் பித்தளை விரிந்து அந்த இறுக்கம் போய்விடும். இது தெரியாமல், நல்ல நிலையில் உள்ள புது இன்ஜினைக்கூட "சிக்கிக்கொண்டது" என்று பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். கீழே தாராளமாக நகர்ந்து, உச்சியில் மட்டும் பிடித்தால், கொஞ்சம் சூடேற்றிப் பாருங்கள். விட்டுவிட்டால் அது ஆரோக்கியமான ஏபிசி.

சுழன்றுவிட்டது என்றால் பாதி வேலை முடிந்தது. இப்போதுதான் நான் நிஜமாகவே யோசிக்கும் கேள்வி வருகிறது: இதை முழுக்கப் பிரிக்க வேண்டுமா? வெளியே மட்டும் அழுக்கு, உள்ளே வழவழவென்று சுழல்கிறது, கம்ப்ரஷன் (பிஸ்டன் மேலேறும்போது காற்று கசியாமல் அமுங்குவது) நன்றாக இருக்கிறது என்றால் பிரிக்காமல் மெத்தனாலில் அலசி, எண்ணெய் விட்டு, ஓடவிட்டுப் பார்ப்பதுதான் என் வழக்கம். ஒன்றோடொன்று ஓடி ஓடிப் பழகிய பாகங்களைக் காரணமில்லாமல் பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால் முதல் கருவி போன் கேமரா. ஒவ்வொரு பாகமும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று படம் எடுத்துக்கொள்கிறேன். எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வைத் திறக்கும் முன் அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று குறித்துக்கொண்ட பிறகே வெளியே எடுக்க வேண்டும். ஐட்லிங் கலவைத் திருகுக்கும் அதே முறை. முன்பு ஓட்டியவர் பார்த்துப் பார்த்து வைத்த அளவு அது. இன்ஜின் மறுபடி ஓடும் நாளில் அதிலிருந்து தொடங்கினால் பாதி அலைச்சல் மிச்சம்.

பழைய இன்ஜின்களின் ஸ்குரூக்கள் அலுமினியத்துக்குள் விளக்கெண்ணெயால் ஒட்டியிருக்கும். தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூடிரைவர் இல்லாமல் தொடவே வேண்டாம். ஜப்பான் இன்ஜின்களில் வரும் கூட்டல் குறித் தலை, வழக்கமான பிலிப்ஸிலிருந்து சற்றே வேறுபட்டது. ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில்தரம்) முனை உள்ள ஸ்குரூடிரைவர் அதில் கச்சிதமாக உட்காரும். பிலிப்ஸ் நழுவித் தலையை அரைத்துவிடும். இங்கேயும் ஹீட் கன்தான் துணை. சூடானதும் முதல் கால் சுற்று 'டக்' என்று விடும், பிறகு விரலாலேயே வரும்.

ஹெட்டும் பின்தட்டும் வந்தபின் லைனரை மேலே எடுக்க வேண்டும். அலுமினியக் கிராங்க்கேஸ் சூட்டில் எஃகு லைனரைவிட அதிகம் விரியும், பித்தளையைவிடவும் சற்று அதிகம் விரியும். ஆகவே சமமாகச் சூடேற்றி, கையுறையோடு தலைகீழாகப் பிடித்து ஒரு மரக்கட்டையில் தட்டினால் லைனர் மெல்ல இறங்கி வரும். வராவிட்டால் இன்னும் சூடு போதவில்லை என்று பொருள். லைனரின் மேல் விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருக்கும், அல்லது அதை ஒரு திசையில் நிறுத்த ஒரு ஊசி இருக்கும். அதைக் கவனித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லைனர் வந்தபின் ராடைக் கிராங்க் முனையிலிருந்து பின்பக்கமாக நகர்த்திப் பிஸ்டனோடு எடுத்துவிடலாம். ராடின் எந்தப் பக்கம் முன்னே பார்த்தது, பிஸ்டனின் எந்தப் பக்கம் எக்ஸாஸ்டைப் பார்த்தது என்பது தேய்மானத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். இரண்டும் பழைய திசையிலேயே திரும்பப் போகவேண்டும்.

இப்போது கூலண்ட் வேலை. எனக்கு இதில்தான் மிகவும் பிடித்தம், மிகவும் எச்சரிக்கையும்.

வேண்டியது ஒரு சின்ன ஸ்லோ குக்கரும், தண்ணீர் கலக்காத எத்திலீன் கிளைக்கால் கூலண்டும். ஸ்லோ குக்கர் ஏன் என்றால் அது கொதிக்கவிடாது. மணிக்கணக்கில் தண்ணீரின் கொதிநிலைக்குக் கீழேயே ஒரே சூட்டில் வைத்திருக்கும். அடுப்பில் பாத்திரம் வைத்துச் செய்வதை நான் ஏற்கவே மாட்டேன். எத்திலீன் கிளைக்கால் சுமார் 197 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஆனால் 111 டிகிரியை ஒட்டியே தீப்பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்க ஆரம்பித்துவிடும். திறந்த நெருப்புக்கு அருகில் அதைக் காய்ச்சுவது ஆபத்து.

அதைவிடப் பெரிய ஆபத்து அதன் நச்சு. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். குழந்தைகளும் நாய் பூனைகளும் அதை விரும்பிக் குடிக்கும். சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்து உயிரை எடுக்கும். இந்த வேலைக்குப் பயன்படுத்திய குக்கரில் அதற்குப் பிறகு ஒருநாளும் சமைக்கக் கூடாது. என் குக்கரின் மூடியிலும் உடம்பிலும் பெரிய எழுத்தில் 'விஷம்' என்று எழுதி வைத்திருக்கிறேன், அது சமையலறைப் பக்கமே போகாது. வேலை நடப்பது காற்றோட்டமுள்ள, பூட்டக்கூடிய இடத்தில். குக்கர் ஓடும்போது நான் வீட்டை விட்டு வெளியே போவதில்லை.

பாகங்களை உள்ளே போடும் முன் ரப்பர், பிளாஸ்டிக், காகிதம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்: ஓ-ரிங், கேஸ்கெட், பிளாஸ்டிக் பின்தட்டு, கார்புரேட்டரின் நைலான் பாகங்கள், க்ளோ பிளக். சீல் வைத்த பேரிங்குகளையும் நான் போடுவதில்லை. அலுமினியம், எஃகு, பித்தளை ஆகியவை போகலாம். கூலண்டில் அரிப்பைத் தடுக்கும் சேர்மங்கள் ஏற்கெனவே இருப்பதால் அலுமினியம் கெடாது. வண்ணம் ஏற்றிய ஆனோடைஸ் ஹெட்டுகள் மட்டும் விதிவிலக்கு. சிவப்பும் தங்க நிறமும் மணிக்கணக்கில் ஊறினால் வெளுத்துப்போகலாம். அவற்றை மெத்தனாலும் பல்துலக்கும் பிரஷும் கொண்டு கையால் சுத்தம் செய்வதே நல்லது. பெயிண்ட் அடித்த கிராங்க்கேஸ் என்றால் பெயிண்ட் உரிந்து வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

பாகங்கள் மூழ்கும்வரை கூலண்டை ஊற்றி, மூடி போட்டு, குறைந்த சூட்டில் வைத்துவிடுகிறேன். லேசான பிசின் என்றால் சில மணி நேரத்தில் விட்டுவிடும். பல வருடம் எரிந்து கருத்தது என்றால் நாள் முழுக்க ஆகலாம். நடுநடுவே இடுக்கியால் ஒன்றை எடுத்து மரக்குச்சியால் சுரண்டிப் பார்த்தால் நிலைமை தெரியும். பழுப்புப் படலம் குச்சியோடு கூழாக வந்தால் பதம் வந்துவிட்டது. கூலண்ட் அந்த வார்னிஷை முழுக்கக் கரைத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது ஊறவைத்து உலோகத்திலிருந்து பிரித்துக் கொடுக்கும், மிச்சத்தைப் பிரஷ்தான் எடுக்க வேண்டும். துடுப்புகளின் இடுக்கில் பல்குத்தும் குச்சி, பரந்த இடங்களில் பிரஷ், அப்படியும் பிடிவாதம் பிடித்தால் வெளிப்புறத்தில் மட்டும் மெல்லிய பித்தளைக் கம்பி பிரஷ். லைனருக்குள்ளோ பிஸ்டன் பக்கவாட்டிலோ உப்புத்தாள், எஃகு நார் எதுவும் படக் கூடாது.

பிறகு வெந்நீரும் பாத்திரம் கழுவும் சாதாரண திரவமும் கொண்டு நன்றாக அலசி, அடுத்த நிமிடமே துடைத்து, ஹீட் கன்னால் உலர்த்தி, எண்ணெய் தடவிவிட வேண்டும். சுத்தமான எஃகுக்கு ஈரம் பட்டால் துரு வரக் காத்திருக்காது. லைனரும் கிராங்க்ஷாஃப்டும் என் கையிலிருந்து நேரே எண்ணெய்க் கிண்ணத்துக்குத்தான் போகும்.

கூலண்டை ஒரு தடவையோடு கொட்டிவிட வேண்டியதில்லை. துணியில் வடிகட்டிப் பல தடவை பயன்படுத்தலாம். பழைய பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், யாராவது குடித்துவிடுவார்கள். அதன் சொந்தக் கேனிலேயே, எட்டாத உயரத்தில். முடிந்துபோனதைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், பழைய கூலண்டைச் சேகரித்து முறையாக அப்புறப்படுத்தும் வண்டிப் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும்.

சீக்கிரம் முடியும் என்று நம்பிச் சிலர் ஓவன் கிளீனர் அடிக்கிறார்கள். அடுப்புக்குள் கருகியதை எடுக்கும் அந்த நுரையில் பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கும். அது வார்னிஷை எடுக்கும், கூடவே அலுமினியத்தையும் அரிக்கும். பளபளத்த கிராங்க்கேஸ் நிமிடங்களில் கருஞ்சாம்பல் நிறமாகும், அந்த நிறம் திரும்பாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான பொடியும் காரத்தன்மை அதிகமுள்ளது, அதுவும் அலுமினியத்தைக் கருக்கும். மக்னீசிய உலோகத்தில் வார்த்த பழைய கிராங்க்கேஸ் உங்கள் கையில் இருந்தால் இன்னும் கவனம். அதை மெத்தனாலும் பிரஷும் தவிர வேறெதிலும் நான் போட மாட்டேன்.

லாப் செய்த இரும்புப் பிஸ்டன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய இன்ஜின்கள் பலவற்றில் பிஸ்டனைச் சுற்றி ரிங் கிடையாது. இரும்புப் பிஸ்டனை எஃகு லைனருக்குள் தேய்த்துத் தேய்த்து, அவ்வளவு நெருக்கமாகப் பொருத்தியிருப்பார்கள். வருடக்கணக்கில் ஓடியபின் அந்தப் பிஸ்டனின் பக்கவாட்டில் தேன் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். தேய்ந்த இன்ஜினில் கம்ப்ரஷனைத் தாங்கிப் பிடிப்பதில் அந்தப் படலத்துக்கும் பங்கு உண்டு. அதைச் சுத்தமாகத் துடைத்தெடுத்தால் இன்ஜின் அழகாக இருக்கும், ஆனால் கம்ப்ரஷன் இறங்கிவிடலாம். மறுபக்கம், அதே படலம் லைனரின் மேற்பகுதியில் தடித்துவிட்டால், சூடானதும் இன்ஜின் இறுகி வேகம் இழக்கும். ஆகவே என் வழி இதுதான்: சூடானபின் தொய்ந்துபோகும் இன்ஜின் என்றால் லைனரையும் பிஸ்டனையும் சுத்தம் செய்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் என்றால் அந்த ஜோடியைக் கூலண்டில் போடாமல் மெத்தனாலில் அலசுவதோடு விட்டுவிடுகிறேன்.

காக்ஸ் நிறுவனத்தின் .049 (கன அங்குலம்) போன்ற மிகச் சிறிய இன்ஜின்களில் விதிகள் கொஞ்சம் மாறும். மொத்தக் கொள்ளளவே சுமார் 0.8 சி.சி. சிலிண்டரை மரை சுற்றிக் கழற்ற அதற்கென்றே செய்த சாவி வேண்டும். குறடு போட்டால் துடுப்பு உடையும். பின்னால் இருக்கும் ரீட் வால்வு ஒரு மெல்லிய தகடு அல்லது பிளாஸ்டிக் படலம். அதில் ஒரு துளி பிசின் ஒட்டியிருந்தாலே இன்ஜின் ஓடாது. மெத்தனாலில் அலசி, வளையாமல் தட்டையாக இருக்கிறதா என்று பார்த்துத் திரும்ப வைத்தால் போதும். "எவ்வளவு தட்டினாலும் ஸ்டார்ட் ஆகவில்லை" என்று வந்த காக்ஸ் இன்ஜின்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

மாடல் டீசல் இன்ஜினில் மேலே கம்ப்ரஷனைக் கூட்டிக் குறைக்கும் இன்னொரு பிஸ்டன் உண்டு. அதுவும் விளக்கெண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். சூடேற்றினால் இளகும், அதன் திருகைப் பலமாகச் சுற்ற வேண்டாம்.

பேரிங். இன்ஜின் கிராங்க் வெண்கலப் புஷ்ஷில் சுழல்கிறது என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். பால் பேரிங் உள்ளவற்றில் துரு ஏறக்குறைய நிச்சயம். மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், எரிந்த மிச்சத்தில் அமிலத்தன்மையும் இருக்கும். இரண்டும் சேர்ந்து, கடைசியாக ஓடிய நாளிலிருந்தே பேரிங்கை அரித்துக்கொண்டிருக்கும். அலசி உலர்த்தியபின் விரலால் சுழற்றிப் பாருங்கள். கரகரப்பு இருந்தால் எண்ணெய் விட்டுச் சமாளிக்க முயலாதீர்கள், மாற்றிவிடுங்கள். நன்றாகக் கழுவி உலர்ந்த கிராங்க்கேஸை, உணவுக்குப் பயன்படாத சின்ன மின் அடுப்பில் 150 டிகிரி செல்சியஸ் அளவில் கால் மணி நேரம் வைத்து, கையுறையோடு எடுத்து மரத்தில் ஒரு தட்டு. பின் பேரிங் தானாக விழும். முன் பேரிங்கை உள்ளிருந்து மரக்குச்சியால் தள்ளலாம். புதியதை ஃப்ரீசரில் குளிரவைத்துச் சூடான கேஸுக்குள் விட்டால் அழுத்தமே தேவைப்படாது. அழுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் வெளி வளையத்தில் மட்டும். உள் வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் பாதையில் பள்ளம் பதித்துவிடும். அளவு பேரிங்கின் மேலேயே பொறித்திருக்கும். அழிந்திருந்தால் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றையும் அளந்துகொண்டு போனால் கிடைத்துவிடும்.

கார்புரேட்டரில் சூடு படாததால் அங்கே பெரும்பாலும் பிசின்தான். பிரித்து, மெத்தனாலில் ஊறவைத்து, துளைகளில் காற்றை ஊதி, ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போட்டால் போதும். ஜெட் துளையில் கம்பி விட வேண்டாம், பிரஷின் ஒற்றை மயிர் போதுமானது. கெட்ட ஓ-ரிங் வழியாகக் காற்று கசிந்தால் இன்ஜின் ஐட்லிங்கில் நிற்காது, நாம் நீடிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம்.

திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு பாகமும் எண்ணெயில் நனைந்தே உள்ளே போகவேண்டும். லைனர் அதன் வெட்டில் உட்கார்ந்ததா, பிஸ்டன் பழைய பக்கம் பார்க்கிறதா, மேலே தடுப்புச் சுவர் உள்ள பழைய வகைப் பிஸ்டன் என்றால் அந்தச் சுவர் எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட் கிழிந்திருந்தால் புதியது. ஹெட் ஸ்குரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு சுற்று இறுக்கத்துக்கும் பிறகு கிராங்கைக் கையால் சுழற்றிப் பார்க்கிறேன். எந்தக் கட்டத்தில் இறுகுகிறதோ, அந்தக் கட்டத்தில் வைத்த பாகத்தில்தான் கோணல்.

பழைய க்ளோ பிளக்கை 1.5 வோல்ட் பேட்டரியில் வைத்துப் பார்த்தால் சுருள் பிரகாசமான ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். மங்கலாக இருந்தால் அதைச் சுத்தம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மெத்தனால் எரிவதற்கு அந்த பிளாட்டினக் கலவைச் சுருளின் மேற்பரப்பே வினையூக்கி. அது கெட்டபின் துடைத்துப் பயனில்லை.

முதல் ஓட்டத்துக்கு முன் பேட்டரி இணைக்காமல் புரொப்பெல்லரை ஒரு முழுச்சுற்று மெதுவாகத் திருப்புங்கள். சிலிண்டருக்குள் எண்ணெயோ எரிபொருளோ தேங்கியிருந்தால் உச்சிக்கு வரும்போது கல் போல நிற்கும். திரவம் அமுங்காது, அந்த நிலையில் ஸ்டார்ட்டரை வைத்தால் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்துச் சுழற்றி வெளியேற்றிவிட்டுத் தொடருங்கள். அழுக்கெல்லாம் போன புதிய நிலையில் ஓடுவதால், முதல் டேங்க் முழுக்க எரிபொருள் தாராளமாகப் போகும்படி நீடிலைத் திறந்தே வைத்து, புகை நிறைய வர, குறைந்த வேகத்தில் ஓட்டுகிறேன். லாப் பிஸ்டனும் புஷ்ஷும் உள்ள பழைய இன்ஜின்களுக்கு எண்ணெய் 20 சதவீதத்துக்குக் குறையாத, அதில் நல்ல பங்கு விளக்கெண்ணெயாக உள்ள எரிபொருளையே கொடுக்கிறேன். அதே எண்ணெய் மறுபடி படியும்தான். ஆனால் தேய்ந்து தூக்கிப்போடுவதைவிடச் சில வருடங்களுக்கு ஒருமுறை கழுவுவது மேல். ஸ்டாண்டில் உறுதியாகப் பூட்டிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். கண்ணாடி அணிந்து, நீடிலைத் திருப்புவது புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்றுதான். யாரும் அது சுழலும் தளத்தில் பக்கவாட்டில் நிற்கக் கூடாது.

ஒவ்வொரு முறையும் ஓட்டி முடித்தபின் எரிபொருள் குழாயை நசுக்கி, உள்ளே இருப்பதை எரித்துத் தீர்த்து இன்ஜினைத் தானாக நிற்கவிடுகிறேன். சூடு ஆறும் முன் கார்புரேட்டரிலும் பிளக் துளையிலும் சில சொட்டு டிரான்ஸ்மிஷன் ஆயில் விட்டு, கையால் சில சுற்றுகள். ஏபிசி இன்ஜினைப் பிஸ்டன் உச்சியில் இருக்க வைக்காமல், எக்ஸாஸ்ட் வாயில் பார்த்து, கீழே இறக்கி நிறுத்திய பிறகே துணியில் சுற்றி அலமாரியில் வைக்கிறேன்.